எல்லா மாத்திரைகளும் தூக்க மாத்திரைகள் அல்ல

மனநலப் பிரிவின் வாயிலில் காத்திருக்கும் உறவினர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும்போது ஒரு சொல் அடிக்கடி எங்கள் காதில் விழுகிறது. மனச்சிதைவுக்கு நாங்கள் எழுதித்தரும் ரிஸ்பெரிடோன், மனச்சோர்வுக்கு எழுதித்தரும் எஸ்சிடலோபிராம், இருமுனைக் கோளாறுக்கு எழுதித்தரும் லித்தியம் ஆகிய அனைத்திற்கும் வீட்டில் வழங்கும் பெயர் ஒன்றே: தூக்க மாத்திரை. வெறும் பெயர்தானே என்று நாங்களும் பல காலம் இதைப் பொருட்படுத்தாமல் இருந்தோம். இப்போது அவ்வாறு இருக்க எங்களுக்கு மனம் வரவில்லை. நன்றாக உறங்கத் தொடங்கியவர், "தூக்கம் வந்துவிட்டதே, இனி எதற்கு?" என்று மாத்திரையை நிறுத்திவிடுகிறார். உறக்கம் வராதவரோ, "இந்தத் தூக்க மாத்திரை வேலை செய்யவில்லை" என்று வேறொன்றைக் கடையில் வாங்கி உடன் சேர்த்துக்கொள்கிறார். இரண்டு தவறுகளும் அந்த ஒரு சொல்லிலிருந்தே பிறக்கின்றன. இக்கட்டுரையில் நாங்கள் பேச விரும்புவது இரண்டாவது தவற்றைப் பற்றி.

அறுபது வயதைக் கடந்த ஓர் அம்மையாரை அவருடைய மகள் ஒருநாள் காலையில் அழைத்து வந்தார். பல ஆண்டுகளாக மனச்சிதைவுக்கான மருந்தும், அம்மருந்தால் வரும் கைநடுக்கத்தைக் குறைக்க ட்ரைஹெக்ஸிஃபெனிடில் மாத்திரையும் உட்கொண்டு, வீட்டு வேலைகளைத் தாமே பார்த்துக்கொண்டு அமைதியாக வாழ்ந்தவர் அவர். அன்று தம் மகளையே அடையாளம் தெரியாமல், கண்ணுக்குத் தெரியாத எதையோ சேலைத் தலைப்பிலிருந்து பொறுக்கிக்கொண்டிருந்தார். நாக்கு வறண்டிருந்தது. முந்தைய மாலையிலிருந்து சிறுநீர் கழிக்கவில்லை. "பழைய நோய் திரும்பிவிட்டது ஐயா" என்றார் மகள். நாங்களும் ஏறத்தாழ அப்படியே எண்ணினோம் என்பதை மறைக்க விரும்பவில்லை. மருந்தின் அளவைக் கூட்டுவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த வேளையில், செவிலியர் ஒருவர் அந்தக் குடும்பத்தின் மருந்துப் பையை மேசைமீது கவிழ்த்தார். அடியில் சளிக்கான மாத்திரை அட்டை ஒன்று பாதி காலியாகக் கிடந்தது. அம்மா சில நாள்களாகத் தூங்கவில்லை; சளி மாத்திரை போட்டால் கண் அசரும் என்று யாரோ சொன்னார்கள்; ஒரு வாரமாக இரவில் இரண்டு கொடுத்து வந்தோம் என்றார் மகள்.

சளிக்கும் ஒவ்வாமைக்கும் தரப்படும் குளோர்ஃபெனிரமின், டைஃபென்ஹைட்ரமின் போன்ற பழைய வகை மருந்துகள் தூக்கத்தைத் தருவது உண்மையே. அவை உடலில் அசிட்டைல்கோலின் என்னும் வேதிப்பொருளின் வேலையையும் தடுக்கின்றன. கைநடுக்கத்திற்காக அவர் உண்டுவந்த மாத்திரையும் அதையே செய்கிறது. மனநோய் மருந்துகளிலும் சில அவ்வாறே செய்கின்றன. ஒன்றன்மேல் ஒன்று சேரும்போது வாய் வறளும், மலம் இறுகும், சிறுநீர் கட்டிக்கொள்ளும். முதியவர்களுக்கு அறிவே கலங்கும். சளி மாத்திரையை நிறுத்தி, சிறுநீரைக் குழாய் வழியே வெளியேற்றியபின், சில நாள்களில் அந்த அம்மையார் தெளிந்தார். அவருடைய மனச்சிதைவு திரும்பவே இல்லை.

இதில் மகளைக் குறை சொல்ல எங்களுக்கு உரிமை இல்லை. முந்தைய வருகையின்போது, "இரவில் எப்படித் தூங்குகிறார்? வேறு ஏதேனும் மாத்திரை போடுகிறாரா?" என்று நாங்கள் கேட்டிருக்க வேண்டும். வெளிநோயாளர் நாளில் வரிசை நீளமாக இருக்கிறது, ஒருவருக்குச் சில நிமிடங்களே கிடைக்கின்றன, "நன்றாக இருக்கிறாரா?" என்ற கேள்விக்கு "இருக்கிறார்" என்ற விடை வந்தவுடன் பழைய மருந்தையே திரும்ப எழுதிவிடுகிறோம். கேட்கப்படாத கேள்விக்கு அந்தக் குடும்பம் மருந்துக் கடையில் விடை தேடியது. அவ்வளவே.

உறக்கமின்மை என்பது ஒரே பொருளன்று. இதனை அழுத்திச் சொல்லவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம். இரவில் ஒருவர் விழித்திருக்கிறார் என்பதை மட்டுமே வீட்டார் காண்கிறார்கள். அவர் ஏன் விழித்திருக்கிறார், எப்படி விழித்திருக்கிறார் என்பதில்தான் மருத்துவருக்கு வேண்டிய செய்தி இருக்கிறது.

ஹாலோபெரிடால், ரிஸ்பெரிடோன் போன்ற மருந்துகளைத் தொடங்கிய சில நாள்களிலோ வாரங்களிலோ சிலருக்கு இருப்புக் கொள்ளாது. படுத்தால் கால்களை ஆட்டுவார். எழுந்து கூடத்திற்கும் வாசலுக்கும் நடப்பார். உட்காரச் சொன்னால் ஒரு நிமிடத்தில் மீண்டும் எழுவார். மருத்துவத்தில் இதனை அகத்தீசியா என்பர். இது மருந்தின் பக்கவிளைவு. வீட்டார் இதைத் தூக்கமின்மை என்றோ நோயின் மூர்க்கம் என்றோ எண்ணி, அதே மாத்திரையை இன்னும் அரையோ ஒன்றோ கூட்டிக் கொடுத்தால் வேதனை மிகும். தாங்க முடியாமல் உயிரையே மாய்த்துக்கொள்ள எண்ணியவர்களும் உண்டு. மருத்துவரிடம் சொன்னால் அளவைக் குறைக்கலாம், மருந்தை மாற்றலாம், அதற்கென உள்ள வேறு மருந்தைத் தரலாம்.

இருமுனைக் கோளாறு உடையவர் இரண்டு மூன்று மணி நேரமே உறங்கி, களைப்பின்றி எழுந்து, விடியுமுன் அலமாரியை ஒழுங்குசெய்து, புதிய தொழில் தொடங்கும் திட்டங்களைப் பேசுகிறார் என்றால் அது வேறு செய்தி. மன எழுச்சி நிலை நெருங்குகிறது என்பதற்கு உறக்கத்தேவை குறைவதே பலரிடம் முதல் அறிகுறி. அந்த இரவுகளில் கடையில் வாங்கிய மாத்திரையால் அவரைச் சற்று அயரவைத்துவிட்டு நாங்கள் குறித்த நாள்வரை காத்திருந்தால், தடுத்திருக்கக்கூடிய சறுக்கலை எல்லாரும் சேர்ந்து தவறவிடுகிறோம். மனச்சோர்வில் இருப்பவர் மூன்று மணிக்கு விழித்து, விடியும்வரை தம்மைத்தாமே குற்றம் சாட்டிக்கொண்டிருப்பது இன்னொரு வகை. ஓலன்சபின், குளோசபின் போன்ற மருந்துகளால் எடை கூடியவர் பெருங்குறட்டை விட்டு, இடையிடையே மூச்சு நின்று திடுக்கிட்டு எழுவது மற்றொரு வகை. இவருக்குத் தூக்க மருந்தைச் சேர்ப்பது மூச்சுத் தடையை மோசமாக்கக்கூடும். சிலருக்கோ காலையில் உண்ண வேண்டிய ஃபுளுவாக்ஸடினை இரவில் உண்பதே காரணமாக இருக்கும். நேரத்தை மாற்றினால் போதும். செலவே இல்லாத மருத்துவம்.

இனி, வீட்டில் என்ன சேர்க்கிறார்கள் என்பதைப் பார்ப்போம். அல்பிரசோலம், சோல்பிடெம் ஆகியவை 2014 மார்ச் முதல் எச்1 பட்டியலின்கீழ் வருகின்றன. மருத்துவர் சீட்டின்றி விற்கக்கூடாது, விற்றதைக் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். நல்ல விதியே. ஆயினும் அம்மாத்திரைகள் பெரும்பாலும் கடையிலிருந்து வருவதாக எங்களுக்குத் தோன்றவில்லை. இறந்துபோன தாத்தாவின் பெட்டியிலிருந்தும், அடுத்த வீட்டு அக்காளின் கைப்பையிலிருந்தும் வருகின்றன. அன்போடு தரப்படுவதால் யாரும் அதை மருந்தாகவே கருதுவதில்லை. குளோசபின் உண்பவருக்கு இவற்றைத் தானாகச் சேர்த்தால் மயக்கமும் மூச்சுத்திணறலும் நேரலாம். மதுவோடு சேர்ந்தால் எவருக்குமே ஆபத்து.

"இயற்கையானது, பக்கவிளைவு இல்லை" என்ற சொல்லையும் நாங்கள் முழுமையாக ஏற்பதில்லை. சர்ப்பகந்தா வேரை நம் நாட்டில் உறக்கத்திற்கும் சித்தக் கலக்கத்திற்கும் நெடுங்காலமாகக் கொடுத்து வந்தார்கள். 1952இல் அதிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட ரெசர்பின் மனநோய்க்கும் இரத்த அழுத்தத்திற்கும் மருந்தானது. வேருக்கு ஆற்றல் இருந்ததனால்தான் அது மருந்தாயிற்று. ஆற்றல் உள்ள எதற்கும் பின்விளைவு உண்டு. அமுக்கராவும் அப்படியே: அது மயக்கம் தரும் மருந்துகளின் வேகத்தைக் கூட்டலாம், தைராய்டு சுரப்பியையும் பாதிக்கலாம். லித்தியம் உண்பவர்களின் தைராய்டை நாங்கள் ஏற்கெனவே கண்காணித்து வருவதால், அமுக்கரா உண்பது எங்களுக்குத் தெரிந்தே ஆக வேண்டும். மெலடோனின் பலருக்கு மென்மையானதுதான். ஆனால் ஃபுளுவாக்சமின் உண்பவர் உடலில் அதன் அளவு பன்மடங்கு ஏறும். தூக்கத்திற்கு நேரடித் தொடர்பில்லாத ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். முட்டிவலியால் உறக்கம் கெடுகிறது என்று லித்தியம் உண்பவர் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகளைத் தொடர்ந்து போட்டால், இரத்தத்தில் லித்தியம் நச்சு அளவுக்கு உயரக்கூடும். வெதுவெதுப்பான பால் குடிப்பதிலோ எண்ணெய் தேய்த்துக் குளிப்பதிலோ எங்களுக்கு எந்த மறுப்பும் இல்லை.

"அப்படியானால் விடிய விடிய விழித்திருந்து தவிக்கச் சொல்கிறீர்களா?" என்று உறவினர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. நோயாளி உறங்காத வீட்டில் ஒருவரும் உறங்குவதில்லை. மறுநாள் வேலைக்கும் பள்ளிக்கும் போக வேண்டியவர்கள் அந்த வீட்டில் இருக்கிறார்கள். தவியுங்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. தேவையானபோது தூக்க மருந்தை நாங்களே எழுதுகிறோம், பெரும்பாலும் குறுகிய காலத்திற்கு. ஏற்கெனவே உள்ள மருந்துகளில் மயக்கம் தருவதை இரவுக்கு நகர்த்துகிறோம். நாள்பட்ட உறக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்பாக உறக்கப் பழக்கத்தைத் திருத்தும் நடத்தைவழிச் சிகிச்சையைத் தர வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016இல் பரிந்துரைத்தது. தினமும் ஒரே நேரத்தில் எழுவது, உறக்கம் வந்தபின்பே படுக்கைக்குச் செல்வது, வராவிட்டால் எழுந்து வேறிடத்தில் அமர்வது ஆகியவை அதன் எளிய பகுதிகள். படுக்கை நேரத்தைச் சுருக்கும் பயிற்சியும் அதில் உண்டு. இருமுனைக் கோளாறு உடையவர்கள் அதை மட்டும் தாமாகச் செய்துபார்க்க வேண்டாம், உறக்கம் குறைவதே அவர்களுக்கு நோயைத் தூண்டிவிடக்கூடும்.

இதைப் படிக்கும் சிலர் மாதக்கணக்கில் எங்களுக்குத் தெரியாமல் தூக்க மாத்திரை உண்டுவரலாம். அச்சத்தால் இன்றிரவே அதை நிறுத்திவிடாதீர்கள். அல்பிரசோலம் போன்றவற்றைத் திடீரென நிறுத்தினால் உறக்கம் முன்னிலும் கெடும், வலிப்புகூட வரலாம். எங்களிடம் வந்து சொல்லுங்கள். சிறிது சிறிதாகக் குறைக்க வழி உண்டு. யாரும் உங்களைக் கடிந்துகொள்ள மாட்டார்கள். கடிந்துகொண்டால் அதையும் துறைத் தலைவரிடம் சொல்லுங்கள்.

அடுத்த மாதம் முதல் எங்கள் வெளிநோயாளர் சீட்டில் புதிய கட்டம் ஒன்று இருக்கும். படுத்த நேரம், எழுந்த நேரம், தானாகச் சேர்த்துக்கொண்ட மருந்து ஆகிய மூன்றையும் மருத்துவரைப் பார்க்குமுன் செவிலியர் உங்களிடம் கேட்டு அதில் எழுதுவார். வரும்போது வீட்டிலுள்ள மருந்துகள் அனைத்தையும், சூரணம், லேகியம், இருமல் மருந்து உட்பட, ஒரே பையில் போட்டு எடுத்து வாருங்கள். இரவு இரண்டு மணிக்கு என்ன செய்வதென்று தெரியாமல் திகைத்தால், ஒன்றிய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416 எந்நேரமும் இயங்குகிறது, தமிழிலும் பேசலாம். அழைக்கும்போது அந்தப் பையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.