கொட்டியவனுக்குக் கூலி, விற்றவனுக்குக் கொள்ளை!

"பேசிய கூலியைக் கொடுத்துவிட்டோம், கணக்குத் தீர்ந்தது!" என்பது இசைத்தட்டு முதலாளிகளின் வாதம். மூன்று மணி நேரம் வாசித்தாயா, கூலியை வாங்கிக் கொள், நடையைக் கட்டு! அந்த மூன்று மணி நேரத்தில் பிறந்த பாட்டு ஐம்பது ஆண்டு விற்றாலும் உனக்கென்ன? இதுதான் அவர்கள் நியாயம். இந்த நியாயத்தை ஒரு தொழிலாளியின் வாழ்க்கையில் உரைத்துப் பார்ப்போம், தோழர்களே!

அவர் பெயர் எர்ல் பால்மர். அமெரிக்காவின் தென்பகுதியில், நியூ ஆர்லியன்ஸ் நகரில், 1924ல் கறுப்பர் குடும்பத்தில் பிறந்தவர். தாய் மேடையில் ஆடிப்பாடிப் பிழைத்தவர். மகனும் பால்மணம் மாறா வயதிலேயே மேடையேறிக் கால்தட்டி ஆடினார். இரண்டாவது உலக யுத்தத்தில் பட்டாளத்தோடு ஐரோப்பா சென்றார். ஜனநாயகத்தைக் காக்கும் யுத்தம் என்று முழங்கினார்கள். ஆனால் அந்தப் பட்டாளத்திற்குள்ளேயே வெள்ளையருக்கு ஓர் அணி, கறுப்பருக்கு ஓர் அணி! பால்மருக்கு வாய்த்த வேலை வெடிமருந்து ஏற்றி இறக்குவது. ஊர் திரும்பியதும் சங்கீதப் பள்ளியில் சேர்ந்து இசைக்குறிப்புப் படிக்கக் கற்றார். டிரம் கொட்டுவதைத் தொழிலாகக் கொண்டார்.

1949 டிசம்பரில், ஒரு கடையின் பின்கட்டில் இருந்த சிறிய ஒலிப்பதிவுக் கூடத்தில் ஃபேட்ஸ் டாமினோவின் 'தி ஃபேட் மேன்' பதிவாயிற்று. டிரம் பால்மருடையது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணிப் பாருங்கள். இரண்டிலும் நான்கிலும் ஓங்கி அடி விழும். அந்த அடியைப் பாட்டு முழுவதும் விடாமல் நிறுத்திக் காட்டினார் அவர். 1955 செப்டம்பரில் லிட்டில் ரிச்சர்டின் 'டூட்டி ஃப்ரூட்டி' பதிவாயிற்று. பியானோவில் ரிச்சர்டின் வலக்கை இடைவிடாமல் இடித்துக் கொண்டு போயிற்று. பழைய ஊஞ்சல் நடைத் தாளம் அதற்கு ஒத்துவரவில்லை. பால்மர் அந்தக் கையின் வேகத்திற்கே தம் தாளத்தையும் மாற்றினார். ராக் சங்கீதம் என்று உலகம் கொண்டாடியதன் முதுகெலும்பு இந்தத் தாளமே!

1957ல் அவர் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் குடியேறினார். 1958ல் ரிச்சி வாலன்ஸின் 'லா பம்பா'. 1964ல் ரைட்டியஸ் பிரதர்ஸ் பாடிய 'யூ ஹாவ் லாஸ்ட் தட் லவ்வின் ஃபீலின்'. பாடகர்கள் மாறினார்கள், கம்பெனிகள் மாறின. பின்னால் உட்கார்ந்து கொட்டிய கைகள் மாறவில்லை. ஒரு கூடத்தில் மூன்று மணி நேரம், அது முடிந்ததும் அடுத்த கூடத்திற்கு ஓட்டம். ஆலையில் ஷிப்ட் முறை எப்படியோ, அப்படித்தான் இதுவும்.

இப்போது கணக்கைப் பார்ப்போம். மேலே சொன்ன 1964ஆம் ஆண்டுப் பாட்டு, இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்க வானொலியிலும் தொலைக்காட்சியிலும் மிக அதிகமாக ஒலித்த பாட்டு என்று 1999ல் அறிவிக்கப்பட்டது. 80 லட்சம் தடவைக்கு மேல்! ஒவ்வொரு தடவையும் பாட்டை எழுதியவருக்கும் அதன் வெளியீட்டாளருக்கும் உரிமைத்தொகை உண்டு. சாதாரண வானொலியில் ஒலித்தால், பாடியவருக்கும் வாசித்தவருக்கும் ஒரு காசு கிடையாது. அந்த நாட்டுச் சட்டம் இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. விளம்பரம் விற்று வானொலி முதலாளி பணம் குவிக்கலாம். அந்த விளம்பரத்தைக் கேட்க ஜனங்களை இழுத்து வந்த தாளத்திற்கு விலை பூஜ்யம்!

"மெட்டுப் போட்டவன் படைப்பாளி, கொட்டியவன் வெறும் கையாள்" என்று இதற்கு விளக்கம் சொல்கிறார்கள். அப்படியா? 'டூட்டி ஃப்ரூட்டி'யின் தாளத்தைப் பால்மருக்கு யார் எழுதிக் கொடுத்தது? அவரே கேட்டு, அவரே யோசித்து, அவரே அடித்தார். கையாளின் யோசனையைப் பெற்றுக் கொண்டு கைக்கு மட்டும் கூலி கொடுப்பது எந்த ஊர் நியாயம்?

"சம்மதித்துத்தானே வாசித்தான்?" என்பது இன்னொரு வாதம். ஆம், சம்மதித்தார். அன்றைய வாடகைக்கும் பிள்ளைகளின் சோற்றுக்கும் அன்றே கூலி வேண்டியவன் வேறென்ன செய்வான்? நாள் கூலிக்கு நாற்று நடுகிறவளின் சம்மதமும் இதே சம்மதம்தான் அல்லவா?

இந்தக் கூலியில் ஒரு விபரீதமும் உண்டு. இசைத்தட்டு பெருகப் பெருக, நடன மண்டபங்களிலும் வானொலி நிலையங்களிலும் வாசித்தவர்கள் வேலை இழந்தார்கள். வாத்தியக்காரன் தன் பிழைப்பைத் தின்னும் யந்திரத்தைத் தன் கையாலேயே செய்து கொடுத்தான்! இதை எதிர்த்து 1942 ஆகஸ்டு 1ந் தேதி அமெரிக்க வாத்தியக்காரர் சங்கம் ஒலிப்பதிவு வேலைநிறுத்தம் தொடங்கியது. ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டே கேட்டுக் கொண்டும் சங்கம் பணியவில்லை. 1944 நவம்பரில் கடைசியாகப் பெரிய கம்பெனிகளும் இறங்கி வந்தன. விற்பனையிலிருந்து ஒரு தொகை சங்க நிதிக்கு வந்தது. வேலையிழந்தவர்கள் அதைக் கொண்டு வாசித்துச் சம்பாதிக்க வழி பிறந்தது. முதலாளிகள் சும்மா இருப்பார்களா? 1947ல் டாப்ட்-ஹார்ட்லி சட்டம் வந்து அந்த நிதியைச் சங்கத்தின் கையிலிருந்து பிடுங்கியது. 1948ல் மறுபடியும் வேலைநிறுத்தம். பொதுப் பொறுப்பாளரின் கீழ் நிதி உயிர் பெற்றது.

சங்கம் செய்ததெல்லாம் சரியென்று நாம் சொல்லவில்லை. லாஸ் ஏஞ்சல்ஸில் வெள்ளையருக்கு ஒரு சங்கம், கறுப்பருக்கு ஒரு சங்கம் என்று 1953 வரை நடந்தது. ஒரே டிரம்மை அடிக்கும் கைகளுக்கு இரண்டு சங்கம் இருந்தால் யாருக்கு லாபம்? மேலும், பதிவில் வாசித்தவர்களைக் கலக்காமலே அவர்களுக்கு வரவேண்டியது பொது நிதிக்குத் திருப்பப்பட்டது. மனம் கசந்த ஒரு பகுதியினர் 1958ல் தனிச் சங்கம் கண்டார்கள். 1964ல்தான், பதிவில் வாசித்தவர்களுக்கே விற்பனையில் பங்கு தரும் நிதி ஏற்பட்டது. எந்தப் பங்கும் தானாகக் கனிந்து மடியில் விழவில்லை. கேட்டும் நிறுத்தியும் வாங்கியதே எல்லாம்.

பால்மர் இதை உணர்ந்தவர். 1982ல் லாஸ் ஏஞ்சல்ஸ் சங்கத்தின் பொருளாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1984ல் தோற்றார், 1990ல் மறுபடியும் வென்றார். 2000ல் ராக் சங்கீதக் கீர்த்தி மண்டபத்தில் பக்கவாத்தியக்காரர்களுக்கென்று இடம் ஒதுக்கியபோது, முதல் ஐவரில் அவரும் ஒருவர். 2008ல் காலமானார். மாலையும் கேடயமும் கிடைத்தன. 80 லட்சம் தடவை ஒலித்ததற்கு வானொலி முதலாளியின் காசு மட்டும் கிடைக்கவில்லை.

இணைய வானொலிக்கும் செயற்கைக்கோள் வானொலிக்கும் இப்போது சட்டப்படி பங்கு உண்டு என்பார்கள். எவ்வளவு? நூற்றுக்கு 50 பதிவின் உரிமையாளருக்கு. 45 பிரதானக் கலைஞருக்கு. மீதி 5ல் பாதி பின்பாட்டுக்காரர்களுக்கு. கடைசி இரண்டரையைத்தான் டிரம், கிதார், ஊதுகுழல் அத்தனை பேரும் பங்கிட வேண்டும்!

இதைப் பிச்சை என்று வீசி எறியவும் வேண்டாம், வெற்றி என்று மகிழ்ந்து உட்காரவும் வேண்டாம். இரண்டரை எப்படி வந்ததோ, அப்படியே மீதியும் வரும். பொருள் விற்கும் வரை, அதைச் செய்தவனின் கணக்குத் தீர்வதில்லை. கூலி முதல் தவணை மட்டுமே!