எண்ணாமல் விட்ட தலை

போன மாதம் எங்கள் குளத்தூரில் பக்கத்து வீட்டுப் பெண்ணின் பையனுக்கு வயிற்றுப்போக்கு. ஒன்றரை வயது. அவள் கரிமூட்ட வேலைக்குப் போகிறவள். "கையெல்லாம் கரி. அந்தக் கையாலே ஊட்டினா பிள்ளைக்கு வராம என்ன செய்யும்?" என்று கோவில் வாசலில் நாலு பேர் கேட்கச் சொன்னேன். சொன்னதோடு விட்டேனா? கை கழுவுவதைப் பற்றி அவளுக்கே ஒரு பிரசங்கமும் வைத்தேன். "சரி அத்தை" என்று தலையைக் குனிந்துகொண்டாள்.

மூன்றாம் நாள் என் பேத்திக்கும் அதே போக்கு. நர்ஸம்மா வந்தார்கள். கண் குழிந்திருக்கிறதா, நாக்கு வறண்டிருக்கிறதா, வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மடிப்பு உடனே மறைகிறதா என்று பார்த்தார்கள். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் முழுவதையும் கொதித்து ஆறின ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து, அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும். 24 மணி நேரம் ஆனால் மீந்ததைக் கொட்டிவிட வேண்டும். ஜிங்க் மாத்திரை 14 நாள், போக்கு நின்றாலும் நிறுத்தக்கூடாது. பால்குடிப் பிள்ளையானால் தாய்ப்பாலையும் நிறுத்தக்கூடாது. (இளம் தாய்மார்கள் இதை எழுதி அடுப்படியில் ஒட்டிக்கொள்ளுங்கள்.)

பிறகு குடிக்கத் தண்ணீர் கேட்டார்கள். வழக்கம்போல் பானைக்குள் சொம்பை விட்டு, விரல் நனைய மொண்டு கொடுத்தேன். வாங்கி அப்படியே கீழே வைத்துவிட்டு, "பானையைக் கடைசியா எப்பம்மா தேய்ச்சீங்க?" என்றார்கள்.

எனக்குப் பதில் வரவில்லை. கரிசல் காட்டில் தண்ணீர் அருமை. கொட்ட மனம் வராமல் பழசின்மேலேயே புதுசை ஊற்றி வந்தேன். உள்ளே கையை விட்டால் அடியில் வழவழவென்று பாசி! அவள் வேலைக்குப் போனால் அந்தப் பையன் எங்கள் திண்ணையில்தான் விளையாடுவான். தாகத்துக்கு என் பானைத் தண்ணீர்தான்.

கோவில்பட்டிக்குப் பக்கத்துக் காமநாயக்கன்பட்டியில் 18-ம் நூற்றாண்டில் ஊழியம் செய்த வீரமாமுனிவர் பரமார்த்த குரு கதையை எழுதினார். அதில் ஆற்றைக் கடந்த சீடன் தலைகளை எண்ணுவான். தன் தலையை மட்டும் விட்டுவிட்டு ஆள் குறைகிறதென்று அழுவான். பேத்திக்கு நான் சிரிக்கச் சிரிக்கச் சொல்கிற கதை. அன்று சிரிப்பு வரவில்லை.

மத்தேயு 7-ம் அதிகாரத்தில் இயேசு, அடுத்தவன் கண்ணிலுள்ள துரும்பை எடுக்கவே வேண்டாம் என்று சொல்லவில்லை. முதலில் உன் கண்ணிலுள்ள கட்டையை எடு, பிறகு தெளிவாகத் தெரியும் என்கிறார். கை கழுவச் சொன்னது தப்பில்லைதான். பார்க்கிற கண்தான் சரியில்லை.

பானையைத் தேய்த்துக் காயவைத்தேன். நீளப் பிடி போட்ட அகப்பை ஒன்று வாங்கினேன். அவள் வீட்டுக்குப் போய், "உன் கை இல்ல தாயி, என் பானைதான் அழுக்கு" என்றேன். அவள் அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. "பாப்பாவுக்கு இப்பத் தேவலையா அத்தை?" என்றாள்.

கோவில் வாசலில் கேட்ட நாலு பேரில் இரண்டு பேரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். மற்ற இரண்டு பேரை வருகிற ஞாயிற்றுக்கிழமைதான் பார்க்க வேண்டும்.