துருவுக்கு இரண்டு விலையா? பழைய வண்டிச் சந்தையில் விவசாயி ஏமாந்தது போதும்!



நம் நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் கொட்டினால் முதலில் என்ன செய்கிறார்கள்? ஈரப்பதம் பார்க்கும் மெஷினை எடுக்கிறார்கள். 17 சதவீதத்தைத் தாண்டினால் "காயவைச்சுக் கொண்டா" என்கிறார்கள். பாலுக்குக் கொழுப்பு பார்க்கிறார்கள். கரும்புக்கு எடைமேடை வைத்திருக்கிறார்கள். நாம் விற்கும் பொருளுக்கெல்லாம் அளவு உண்டு, கழிவு உண்டு. நாம் கடன்பட்டு வாங்கும் பழைய டீசல் வண்டிக்கு மட்டும் எந்த அளவும் கிடையாது. புரோக்கர் வாயில் வருவதே விலை!

குட்டியானையோ பிக்கப்போ நமக்கு ஆடம்பரம் அல்ல. விடியுமுன் காய்கறி சந்தைக்குப் போக வேண்டும். வாடகை வண்டி வைத்தால் கத்தரிக்காய் விற்ற காசு வாடகைக்கே போய்விடும். புது வண்டி நம் கைக்கு எட்டாது. அதனால்தான் வீட்டு நகையை வைத்துப் பழைய வண்டி வாங்கப் போகிறோம். அங்கேதான் கொள்ளை நடக்கிறது.

ஒரே துரு, இரண்டு பேச்சு!

நாம் வண்டியை விற்கப் போனால் புரோக்கர் குனிந்து பார்த்து, "அண்ணே, வண்டி பூரா துரு, உள்ளே அரிச்சுப் போச்சு, பாதி விலைக்குக்கூட போகாது" என்பார். அதே வண்டிக்குக் கறுப்பு பெயிண்ட் அடித்து அடுத்த வாரம் இன்னொரு விவசாயியிடம் காட்டும்போது, "மேல்துருதாண்ணே, தேய்ச்சா போயிடும்" என்பார். விற்கிறவனுக்கு ஒரு துரு, வாங்குகிறவனுக்கு ஒரு துருவா? எல்லாப் புரோக்கரையும் நாம் குறை சொல்லவில்லை. துருவுக்கு அளவு தெரியாதவனை யாரும் ஏமாற்றலாம் என்பதைத்தான் சொல்கிறோம். அந்த அளவு இதோ.

துரு மூன்று வகை. கதவு, பானெட், மேல் தகடு ஆகியவற்றில் இருப்பது முதல் வகை. பார்க்க அசிங்கமாக இருக்கும், வண்டி ஓடும். லோடு பாடியின் தளத்திலும் பக்கத் தகட்டிலும் இருப்பது இரண்டாம் வகை. யூரியா மூட்டை, உப்பு, ஐஸ் தண்ணீர் ஒழுகும் மீன் பெட்டி ஏற்றிய வண்டியில் இது கட்டாயம் இருக்கும். தகடு மாற்றலாம், அதற்குச் செலவுக் கணக்கு உண்டு. மூன்றாம் வகைதான் எமன். சேஸ், அதன் குறுக்குச் சட்டம், பட்டை மாட்டியிருக்கும் இடம் ஆகியவற்றில் பிடித்த துரு அது. லோடு முழுக்க அங்கேதான் நிற்கிறது. அங்கே இரும்பு பொரி மாதிரி உதிர்ந்தால் அந்த வண்டிக்குப் பேரமே கிடையாது. இரும்புக் கடை எடை விலைதான் அதன் விலை.

கண்டுபிடிக்கச் சின்னச் சுத்தியலும் ஸ்க்ரூ டிரைவரும் காந்தமும் போதும். சேஸை நீளத்துக்கும் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு மணி மாதிரி கணீரென்று சொல்லும். அரித்துப்போனது தொப்பென்று சொல்லும். சந்தேகம் வந்த இடத்தில் ஸ்க்ரூ டிரைவரை அழுத்தினால் உள்ளே இறங்கும். பட்டி பூசிய இடத்தில் காந்தம் ஒட்டாது. வண்டி பழசாக இருந்து அடியில் மட்டும் பெயிண்ட் புதுசாக இருந்தால், "எதை மறைக்க அடிச்சீங்க?" என்று கேளுங்கள். சேஸ் நம்பர் ஆர்.சி. புத்தகத்தில் உள்ளபடியே தெளிவாக இருக்க வேண்டும். துருவில் நம்பர் அழிந்திருந்தால் எஃப்.சி.க்குப் போய் நிற்பது நீங்கள்தான், புரோக்கர் அல்ல.

இன்ஜினைக் காலையில், ஆறிய நிலையில் பாருங்கள். போகும்போதே சூடாக இருந்தால் முன்கூட்டியே ஓட்டி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் குபுகுபுவென்று புகை தள்ளினாலும், சைலன்சரில் நீலப்புகை நிற்காமல் வந்தாலும் இன்ஜின் வேலை காத்திருக்கிறது. டயரில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. பட்டன் இருக்கிறதே என்று பழைய டயருக்குப் புது டயர் விலை கொடுக்காதீர்கள்.

கணக்கை நாம் போடுவோம்!

ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். அதே வருட மாடல், நல்ல நிலையில் உள்ள வண்டி நம் பக்கத்தில் 2,40,000 ரூபாய்க்குப் போகிறது. நாம் பார்த்த வண்டிக்கு நான்கு டயர் 16,000. லோடு பாடித் தகடு வேலை 22,000. இன்ஜெக்டர், பம்பு வேலை 18,000. எஃப்.சி. வேலை 12,000. இன்சூரன்ஸ் 17,000. பாக்கி வரி 3,000. வேலை முடியும்வரை வண்டி நிற்கும் நாட்களின் நஷ்டம் 7,000. மொத்தம் 95,000. ஆக அதன் நியாய விலை 1,45,000.

புரோக்கர் 1,90,000-இல் ஆரம்பித்து, "உங்களுக்காக" என்று 1,75,000-க்கு இறங்குவார். 15,000 குறைந்ததென்று நாம் சந்தோஷப்படுவோம். உண்மையில் 30,000 கூடக் கொடுத்திருப்போம்! பேரத்தை அவர் சொன்ன விலையிலிருந்து கீழே இறக்காதீர்கள். நல்ல வண்டியின் விலையிலிருந்து செலவைக் கழித்து வாருங்கள். "பெர்மிட் செலவு" என்று யாராவது சேர்த்தால் ஏமாறாதீர்கள். மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்கு பெர்மிட் தேவையில்லை என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 66-ஆவது பிரிவே சொல்கிறது.

அடுத்தது வட்டி. "நூத்துக்கு வருசம் 12 ரூபாதான்" என்பார்கள். 2,00,000 கடனுக்கு மூன்று வருடமும் முழுத்தொகை மேலேயே 12 சதவீதம் போட்டால் வட்டி மட்டும் 72,000. மாதா மாதம் அசல் குறைவதைக் கணக்கில் எடுத்தால் உண்மை வட்டி ஏறக்குறைய 21 சதவீதம்! துருப்பிடித்த வண்டிக்குக் கூடுதலாகக் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் இந்த வட்டியும் சேரும்.

காகிதத்திலும் துரு உண்டு!

வண்டி நம்பரைப் பரிவாகன் இணையதளத்தில் போட்டு எஃப்.சி., இன்சூரன்ஸ், வரி, கடன் பாக்கி எல்லாம் பாருங்கள். ஃபைனான்ஸ் பெயர் இருந்தால் அது ரத்தாகாமல் முழுப்பணம் தராதீர்கள். விற்கிறவர்களும் கவனியுங்கள்! வெறும் 29, 30 படிவத்தில் கையெழுத்துப் போட்டுப் புரோக்கரிடம் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. போன வருடம் விற்ற வண்டி யாரோ ஓட்டி மோதினாலும் வழக்கு உங்கள் வாசலுக்குத்தான் வரும்.

தோழர்களே! தனியாகப் போகிறவனைத்தான் மடக்க முடியும். இனி நம் சங்க உறுப்பினர் வண்டி பார்க்கப் போனால், நம்பிக்கையான மெக்கானிக் ஒருவர், வெல்டர் ஒருவர், சங்கத்துக்காரர் ஒருவர் என்று மூன்று பேர் கூடப் போக வேண்டும். பார்த்ததை எழுதி வைக்க வேண்டும். நம் ஊரில் எந்த வண்டி என்ன விலைக்குப் போனது என்ற நோட்டு ஒவ்வொரு கிளையிலும் இருக்க வேண்டும். அந்த நோட்டுதான் நமக்கு ஈரப்பதம் பார்க்கும் மெஷின்!

அரசுக்கு நம் கோரிக்கைகள்:

1. மோட்டார் வாகன அலுவலகங்களில் மாதம் ஒரு நாள், விற்பனைக்கு முன் பழைய சரக்கு வண்டிகளைப் பரிசோதித்து, சேஸ் நிலையை எழுத்தில் கொடு!

2. பழைய சரக்கு வண்டி வாங்கத் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களில் நியாய வட்டியில் கடன் கொடு!

3. விலை, கமிஷன், வண்டியின் குறை மூன்றையும் எழுதிய ரசீது தராமல் பழைய வண்டி விற்பதைத் தடை செய்!

அடுத்த விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் ஆட்சியரிடம் இந்த மனுவைக் கொடுக்கப் போகிறோம். வண்டி வாங்கி ஏமாந்தவர்கள் ரசீது, ஆர்.சி. நகலோடு வாருங்கள். ஏமாறாதவர்களும் வாருங்கள், அடுத்த முறை உங்களுடையதாக இருக்கலாம்.

நம் விளைச்சலுக்குக் கழிவு போடுகிறவர்களே, உங்கள் துருவுக்கும் கழிவு போடுங்கள்!

விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக!

இவண்,
செயலாளர்,
விவசாயிகள் சங்கம்