பட்டியலுக்கு அஞ்சியவர்களின் கோரிக்கைச் சாசனம்

ரொறன்ரோவின் பார்க்டேலில் வாழும் தமிழ்க் குடும்பங்கள், ஒன்ராறியோ சுகாதார அமைச்சுக்கும், மாகாணத்தின் சுகாதாரத் தரவுகளைக் காக்கும் ஐசிஇஎஸ் நிறுவனத்துக்கும், கனடாப் புள்ளிவிபரத் திணைக்களத்துக்கும் முன்வைப்பது:

1983 யூலையில் கொழும்பில் தமிழர் வீடுகளைத் தேடிவந்த கும்பல்களின் கைகளில் வாக்காளர் இடாப்புகள் இருந்தன. பெயர் பார்த்துத்தான் வாசலுக்கு வந்தார்கள். அந்த நினைவோடு இங்கே வந்து சேர்ந்தவர்கள் எங்களுள் இருக்கிறார்கள். படிவத்தில் 'இனம்' என்ற கட்டத்தைக் கண்டதும் அவர்கள் கையில் பேனா நின்றுவிடும். அப்படியிருந்தும், எங்கள் சுகாதாரத் தரவைத் தகுதிபெற்ற ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடுங்கள் என்று நாங்களே கேட்கிறோம்.

கணக்கில் வராதவனின் நோய் யாருக்கும் தெரியாது. 2020 யூலையில் ரொறன்ரோ நகரம் வெளியிட்ட கணக்கின்படி, கொரோனா தொற்றியவர்களில் 83 சதவீதமானோர் வெள்ளையரல்லாதோர். நகர மக்களில் அவர்களது பங்கோ 52 சதவீதம். நோயாளிகளிடம் கேட்டுப் பதிந்ததால்தான் அது வெளியே வந்தது. அந்தக் கணக்கிலும் தமிழர் என்று ஒரு வரி இல்லை. தெற்காசியர், இந்தோ-கரீபியர் எல்லோரும் ஒரே கட்டத்துக்குள்.

சுகாதார அட்டைப் பதிவில் இனம் இல்லாததால், குடும்பப் பெயர்ப் பட்டியலைக் கொண்டு தெற்காசியரை இனங்காணும் முறையொன்றை ஒன்ராறியோ ஆய்வாளர்கள் 2010 இல் வெளியிட்டார்கள். உழைப்பு நேர்மையானதுதான். ஆனால் தெற்காசியரில் ஏறக்குறையப் பாதிப் பேர் அதில் அகப்படவில்லை. எங்களுக்குக் குடும்பப் பெயர் ஏது? தகப்பன் பெயர்தானே கடைசிப் பெயர்! யோசப், அந்தோனி என்று பெயர் முடிகிற தமிழரை எந்தப் பட்டியல் கண்டுபிடிக்கும்? 1985 முதலான குடிவரவுப் பதிவுகளைச் சுகாதாரத் தரவோடு இணைத்தது நல்ல வேலை. ஆயினும் இங்கே பிறந்த பிள்ளைகளும், அகதிக் கோரிக்கை முடிவுக்காகக் காத்திருப்பவர்களும் அதில் இல்லை.

ஆகவே, தாய்மொழியையும் இனத்தையும் நோயாளியின் சம்மதத்தோடு கேட்டுப் பதியுங்கள். எதற்காகக் கேட்கிறீர்கள் என்பதைத் தமிழில் சொல்லுங்கள். மறுப்பவருக்குச் சிகிச்சையில் எள்ளளவும் குறை வரக்கூடாது.

தரவுக்குப் பூட்டு இப்போதும் இருக்கிறது, அதை மதிக்கிறோம். புள்ளிவிபரத் திணைக்களத்தின் ஆய்வு மையங்களில் சத்தியப்பிரமாணம் செய்தவரே உள்ளே போகலாம். சோதிக்கப்படாத எந்த முடிவும் வெளியே போகாது. ஐசிஇஎஸ், பெயருக்குப் பதில் இரகசியக் குறியீடு வைக்கிறது. மிகச் சிறிய எண்ணிக்கைகளை மறைத்துவிடுகிறது. இவற்றில் ஒன்றையும் தளர்த்த வேண்டாம். பார்க்டேல் போன்ற சிறிய இடத்தில் ஒரு வயதும் ஒரு நோயும் சேர்ந்தாலே ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். காவல்துறை, குடிவரவு அதிகாரிகள், காப்புறுதி நிறுவனங்கள், வீட்டுச் சொந்தக்காரர் ஆகியோருக்கு இந்தக் கதவு என்றைக்கும் திறக்கப்படாது என்று சட்டத்திலேயே எழுதுங்கள்.

திறப்பு யார் கையில் என்பதும் எங்களுக்குத் தெரிய வேண்டும். இந்நாட்டின் முதற்குடி மக்கள் 1998 இலேயே தங்கள் தரவின் உரிமையும் கட்டுப்பாடும் தங்களுக்கே என்று நெறி வகுத்தார்கள். அந்த வழியில், தமிழர் தரவைத் தொடும் ஆய்வுகளை அனுமதிக்கும் குழுவில் எங்களுக்கு இடம் தாருங்கள். யாருக்கு, எதற்காக அனுமதி கொடுத்தீர்கள் என்பதைப் பகிரங்கமாக அறிவியுங்கள்.

ஆய்வு முடிந்ததும், குயின் வீதியிலுள்ள பார்க்டேல் நூலகத்துக்கு வாருங்கள். எங்களைப் பற்றி அறிந்ததை எங்கள் மொழியில் எங்களுக்கே முதலில் சொல்லுங்கள்.