கொரியன் பொங்கலாமே!

சூசொக் வந்தால் போதும், சியோலில் இருக்கும் நம்மவர்கள் "ஹேப்பி கொரியன் பொங்கல்" என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

காரணம் நான் பிறந்த ஊர். பாலக்காடு மாவட்டம், எருத்தேன்பதி. வீட்டில் தமிழ், மாநிலம் கேரளம். பொங்கல் என்றால் "ஓ, உங்க ஓணமா?" என்பார்கள். ஓணத்தை நாங்களும் சந்தோஷமாகத்தான் கொண்டாடினோம். அத்தப்பூ போட்டோம், சத்யா சாப்பிட்டோம். அதற்காகப் பொங்கல் ஓணமாகிவிடுமா? கேரளத்தில் 6 மாவட்டங்களுக்குப் பொங்கல் விடுமுறை உண்டு. 2022-ல் பொங்கல் ஜனவரி 14, விடுமுறையை 15-க்கு வைத்திருந்தார்கள். ஸ்டாலின் பினராயி விஜயனுக்குக் கடிதம் எழுதிய பிறகுதான் 14 ஆனது. ஒரு நாள் தள்ளிப்போனதற்கே நமக்கு அவ்வளவு வலித்தது. அடுத்தவர் பண்டிகைக்கு மட்டும் நம் பெயரை ஒட்டலாமாக்கும்!

சரி, ஒற்றுமைதான் எவ்வளவு? பொங்கல் சூரியனுக்கு, தை முதல் தேதி. சூசொக் நிலாக் கணக்கில் எட்டாம் மாதப் பௌர்ணமி. காலையில் புது அரிசியில் சமைத்து முன்னோருக்குப் படைக்கிறார்கள். அதையொட்டிக் கல்லறைப் புல்லை வெட்டி, போய்க் கும்பிட்டு வருகிறார்கள். நாம் முன்னோரை நினைப்பது அமாவாசையில். சொங்பியனைக் கொழுக்கட்டை என்கிறோம். அரிசி மாவு, உள்ளே எள், எல்லாம் சரி. பைன் இலை பரப்பி அவித்த வாசனை எந்தக் கொழுக்கட்டையில் வருகிறது?

உடனே "அம்மா, அப்பா என்கிறார்களே" என்று ஒருவர் வருவார். பின்னாலேயே செம்பவளம் ராணியும் வந்துவிடுவார் :-) 13-ம் நூற்றாண்டு நூலான சாம்குக் யூசா சொல்வது அயுதா நாட்டு இளவரசி ஹோ ஹ்வாங் ஓக் என்றுதான். செம்பவளம் நாம் வைத்த பெயர்.

இதையெல்லாம் விட்டு, இவர்கள் வீட்டுக்குள் நடக்கும் சண்டையைக் கவனியுங்கள். படையலுக்கு எண்ணெயில் பலகாரம் சுட்டுச் சுட்டே மருமகள்கள் நொந்துபோகிறார்கள். 2022-ல் சொங்க்யுன்க்வான் என்ற கன்பூசியப் பெரியவர்களின் அமைப்பே "எண்ணெய்ப் பலகாரம் வேண்டியதில்லை" என்று சொல்லிவிட்டது. நம் வீட்டுப் பெண்களுக்கு இது புரியாதா? பக்கத்து வீட்டம்மாவிடம் பேச இதைவிட நல்ல விஷயம் உண்டா? "இது எங்க பொங்கல்" என்றால் அந்தப் பேச்சு அங்கேயே முடிந்துபோகும்.

கூப்பிட்டால் போங்கள். ஒரு பெட்டி பேரிக்காய் வாங்கிப் போங்கள். பிள்ளைகளை மாவு உருட்ட உட்கார வையுங்கள். யாருக்குப் படைக்கிறார்கள் என்று கேளுங்கள், தாத்தா பாட்டி கதை வரும். பொங்கல் வாழ்த்தை ஜனவரிக்கு வைத்துக்கொண்டு, அன்றைக்கு அவர்களை நம் வீட்டுக்குக் கூப்பிடுங்கள்.