சுபாவமா, சந்தர்ப்பமா?

ரேஷன் கடையில் முதியவர் ஒருவரின் விரல்ரேகையை இயந்திரம் மறுபடி மறுபடி ஏற்க மறுக்கும்போது, வரிசையில் நிற்பவர்களின் கோபம் இயந்திரத்தின்மீது பாய்வதில்லை; அதன் பின்னால் உட்கார்ந்திருக்கும் விற்பனையாளர்மீதே பாய்ந்து, "திமிர் பிடித்த ஆள்" என்ற தீர்ப்பாக முடிந்துவிடுகிறது. சர்வர் கிடைக்காததும், காலையிலிருந்து ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லி அவர் தொண்டை கட்டிக்கொண்டதும் நம் பார்வைக்குப் புலப்படுவதில்லை. சிடுசிடுத்த முகம் மட்டும் புலப்படுகிறது. ஆனால் அன்று மாலை வீட்டில் பிள்ளைமேல் நாம் எரிந்து விழுந்தால், வெயிலில் கால்கடுக்க நின்ற களைப்பு என்ற சமாதானம் நம்மிடம் ஆயத்தமாக இருக்கிறது.

பிறர் நடத்தைக்கு நாம் காரணம் கற்பிக்கும் விதத்தை வியன்னாவில் பிறந்த உளவியலாளர் ஃபிரிட்ஸ் ஹைடர் 1958இல் வெளியிட்ட நூலில் விரிவாக ஆராய்ந்தார். சந்தர்ப்பத்தின் வலிமையைக் குறைத்தும் சுபாவத்தின் பங்கை மிகுத்தும் கணிக்கும் இப்போக்கை லீ ராஸ் என்ற உளவியலாளர் 1977இல் அடிப்படைப் பிழை என்றே குறித்தார். அதற்கு நான்காண்டுகள் முன்பே வெளியான ஒரு பரிசோதனை என் நெஞ்சை விட்டு நீங்காதது. பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரி மாணவர்களைப் பக்கத்துக் கட்டிடத்தில் பிரசங்கம் செய்யும்படி ஜான் டார்லி, டேனியல் பேட்சன் என்ற இருவர் அனுப்பினார்கள். வழியில் ஒரு வாசற்படியில், இருமி முனகியபடி ஒருவன் சரிந்து கிடக்குமாறு ஏற்பாடு. அவகாசம் இருந்தவர்களில் 63 சதவீதம் பேர் ஏதோ ஒரு விதத்தில் அவனுக்கு உதவினார்கள்; "நேரமாகிவிட்டது, விரையுங்கள்" என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 10 சதவீதம் பேரே உதவினார்கள். அம்மாணவர்களில் ஒரு பகுதியினர் பேசப் போனதோ, வழியில் அடிபட்டுக் கிடந்தவனைத் தூக்கிக் காப்பாற்றிய நல்ல சமாரியனைப் பற்றியே! விரைந்து போனவர்களை மட்டும் பார்த்த எவரும் ஈரமற்ற நெஞ்சினர் என்று ஐயமின்றிச் சொல்லியிருப்பார். அவர்களை அப்படிப் போக வைத்ததோ ஒரு சிறு அவசரம்.

பிறர் செயலுக்கு அவர்கள் சுபாவத்தையே காரணமாக்கும் இக்குணம் மனிதப் பிறவியோடு ஒட்டியது, மாற்ற இயலாதது என்று நான் கருதவில்லை. 1984இல் ஜோன் மில்லர் வெளியிட்ட ஆய்வில், தெரிந்தவர்களின் செயல்களுக்கு அமெரிக்கப் பெரியவர்கள் சுபாவத்தைக் கூடுதலாகக் காரணமாகச் சொல்ல, மைசூரில் வாழ்ந்த இந்துக்களான பெரியவர்கள் உறவையும் கடமையையும் சூழ்நிலையையும் அதிகமாகச் சுட்டினார்கள். சிறு குழந்தைகளிடமோ இவ்வேற்றுமை மிகச் சொற்பம். வளர வளரக் கற்றுக்கொள்ளும் பழக்கமே இது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? "அவன் வீட்டில் என்ன சங்கடமோ" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பேசும் பெரியவர்கள் நம் தெருக்களில் இன்னும் இருக்கிறார்கள்.

அந்த வழக்கத்தைக் கைப்பேசிக் காணொளியின் பொருட்டு நாம் கைவிட்டு வருவதுதான் எனக்கு மிகுந்த வேதனை தருகிறது. பேருந்து நடத்துனர் ஒருவர் பயணியிடம் இரைந்து பேசுகிற அரை நிமிஷக் காட்சி ஊரெங்கும் பரவ, அதற்கு முன் நடந்தது என்ன, அவர் எத்தனை மணி நேரமாகப் பணியில் நிற்கிறார் என்று விசாரிக்கப் பொழுதின்றி, அவருடைய குணத்தை எல்லோரும் எழுதி முடித்துவிடுகிறோம். தவறு செய்தவரைத் தண்டிக்க வேண்டாம் என்பதல்ல என் வாதம். பணிநீக்க உத்தரவில் கையெழுத்திடும் அதிகாரி, அக்காட்சியோடு அன்றைய பணிப் பட்டியலையும் வரவழைத்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்திட வேண்டும் என்றே கேட்கிறேன்.