பெரிய டயருக்காக மட்கார்டை வெட்டலாமா?

கேள்வி: ‘‘நாலு ஏக்கரில் முட்டைக்கோஸும் பூண்டும் போட்டிருக்கிறோம். சொந்தமாக ஒரு பிக்கப் வண்டி இருக்கிறது. தோட்டத்திலிருந்து தார் ரோட்டுக்கு அரை கிலோமீட்டர் மண்பாதை. மழை பெய்தால் வண்டி சிக்கிக்கொள்கிறது. போன ஐப்பசியில் ஒரு லோடு கோஸ் இரண்டு நாள் வண்டியிலேயே நின்று அழுகிப்போனது. ‘பெரிய டயர் போடு, மட்கார்டைக் கொஞ்சம் வெட்டிவிட்டால் உள்ளே போய்விடும்’ என்று பட்டறையில் சொல்கிறார்கள். செய்யலாமா?’’

- வாசகர், தாளவாடி

பதில்: விளைந்தது சந்தைக்குப் போய்ச் சேர்ந்தால்தான் வெள்ளாமை முடிந்ததாகக் கணக்கு. அதனால் இதுவும் விவசாயக் கேள்விதான். ஆனால், நான் பயிர் படித்தவன். வண்டி படித்தவன் இல்லை. வேளாண்மைப் பொறியியல் துறையில் இருக்கும் நண்பர் ஒருவரிடமும், முப்பது வருடமாக லோடு வண்டி வேலை பார்க்கும் ஒரு மெக்கானிக்கிடமும் கேட்டுத்தான் எழுதுகிறேன். இருவரும் சொன்னது ஒன்றுதான்: கிரைண்டரைக் கையில் எடுக்கும் முன் கணக்கைப் பாருங்கள்.

டயரின் பக்கவாட்டில் 215/75 ஆர் 15 என்பது போல ஓர் எண் இருக்கும். 215 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 75 என்றால் அந்த அகலத்தில் நூற்றுக்கு 75 பங்கு டயரின் சுவர் உயரம். 15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். இந்த டயரின் மொத்த உயரம் சுமார் 703 மில்லிமீட்டர். இதைக் கழற்றிவிட்டு 235/75 ஆர் 15 போட்டால் உயரம் சுமார் 733 ஆகும். 30 மில்லிமீட்டர் கூடுகிறது. ஆனால், அதில் பாதிதான் அச்சுக்குக் கீழே வரும். அதாவது, வண்டி தரையிலிருந்து 15 மில்லிமீட்டர்தான் உயரும். ஒரு விரல் அகலத்துக்காக மட்கார்டை வெட்டப்போகிறீர்கள்.

இதற்கு நீங்கள் கொடுக்கும் விலை என்ன? டயர் பெரிதானால் அதே கியரில் சக்கரம் இழுக்கும் பலம் நூற்றுக்கு 4 பங்கு குறையும். சேற்றில் எந்தப் பலம் வேண்டுமோ அதுவே குறைகிறது. பிரேக் பிடிக்கும் பலமும் அதே அளவு குறையும். மீட்டர் 60 என்று காட்டும்போது வண்டி 62-க்கு மேல் ஓடிக்கொண்டிருக்கும். சமவெளியில் இது பெரிதாகத் தெரியாது. நீங்கள் லோடு ஏற்றிக்கொண்டு இறங்குவது 27 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள திம்பம் மலைப்பாதையில். அங்கே ஒவ்வொரு வளைவிலும் ஸ்டியரிங்கை நன்றாக ஒடித்தாக வேண்டும். முன் டயர் மட்கார்டில் உரசுவதென்றால் சரியாக அந்த இடத்தில்தான் உரசும்.

பல வருடங்களுக்கு முன் நான் வேலை பார்த்த வட்டாரத்தில் ஒரு விவசாயி இதே வேலையைச் செய்தார். பட்டறையில் வண்டி காலியாக நின்றபோது டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி இருந்தது. மஞ்சள் மூட்டை ஏற்றியதும் பட்டை ஸ்பிரிங் அமுங்கியது. ஒரு பள்ளத்தில் வண்டி இறங்கி ஏறியபோது, வெட்டி அப்படியே விட்டிருந்த தகரத்தின் விளிம்பு டயரின் சுவரைக் கிழித்துவிட்டது. நல்ல வேளையாக ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால், மழையில் நனைந்த மஞ்சளை அந்த வருடம் யாரும் நல்ல விலைக்குக் கேட்கவில்லை.

சரி, வண்டி சிக்காமல் இருக்க என்ன வழி? பெரும்பாலும் டயரின் உயரம் காரணமாக இருக்காது. கீழே உள்ளவற்றை வரிசையாகச் செய்துபாருங்கள்.

பாதை: அரை கிலோமீட்டரும் கெட்டிருக்காது. மழை பெய்த மறுநாள் நடந்து பாருங்கள். இரண்டு மூன்று இடங்களில்தான் தண்ணீர் தேங்கி நிற்கும். அந்த இடங்களில் இரண்டு பக்கமும் வாய்க்கால் எடுத்து, நடுப்பகுதியை மேடாக்கி, உடைகல்லும் கிராவலும் போட்டு இறுக்குங்கள். தண்ணீர் குறுக்கே ஓடும் இடத்தில் சிமென்ட் குழாய் பதியுங்கள். தண்ணீர் வடியாத பாதையில் எந்த டயரும் சிக்கும். பொதுப்பாதையாக இருந்தால் அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்களோடு சேர்ந்து ஊராட்சியில் மனு கொடுங்கள்.

டயர்: அளவை மாற்றாமல் பின்சக்கரத்துக்கு ஆழமான பட்டன் டயர் போடுங்கள். தேய்ந்த ரோடு டயருக்கும் இதற்கும் சேற்றில் வித்தியாசம் நன்றாகத் தெரியும். வாங்கும்போது டயரில் உள்ள எடை தாங்கும் எண், பழைய டயரில் உள்ளதைவிடக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பார்வைக்கு முரட்டுத்தனமாக இருக்கும் எல்லா டயரும் லோடு தாங்காது.

லோடு: மழை நாளில் பாதி லோடாக இரண்டு நடை அடித்து, தார் ரோட்டு ஓரத்தில் சேர்த்து ஏற்றுங்கள். ஒரு மணி நேரம் கூடுதலாகும், கோஸ் அழுகாது.

சக்கரம் சுற்றினால்: ஒரு பக்கச் சக்கரம் மட்டும் சும்மா சுற்றும்போது ஆக்சிலேட்டரை மிதித்தால் குழிதான் ஆழமாகும். நிறுத்திவிட்டு, சுற்றும் சக்கரத்துக்கு முன்னால் பலகையோ, தென்னை மட்டையோ, சரளைக் கல்லோ போட்டு மெதுவாக நகர்த்துங்கள். சேற்றுக்காகக் காற்றைக் குறைத்து ஓட்டுவதைக் காலி வண்டியில் மட்டும் செய்யுங்கள். லோடு ஏறும் முன் திரும்பவும் முழு அளவு காற்று இருக்க வேண்டும்.

இதையெல்லாம் செய்த பிறகும் பெரிய டயர்தான் வேண்டும் என்றால், முதலில் ஆர்.சி. புத்தகத்தைப் பாருங்கள். லோடு வண்டிக்குப் பதிவின்போதே டயரின் அளவும் பதிவாகிறது. பதிவில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு சொல்கிறது. எஃப்.சி. எடுக்கும்போதும், ஏதாவது விபத்து நடந்து இன்ஷூரன்ஸ் கேட்கும்போதும் இது பிரச்னையாகும். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விசாரித்துவிட்டு, அனுமதி இருந்தால் மட்டும் இறங்குங்கள்.

அப்போதும் காலி வண்டியில் அளக்காதீர்கள். லோடு ஏற்றி, ஒரு பக்க முன்சக்கரத்தை ஒரு சாண் மேட்டில் ஏற்றி நிறுத்துங்கள். டயரின் ஓரத்தில் ஈரச் சுண்ணாம்பு தடவி, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பி, மெதுவாக ஓரடி முன்னும் பின்னும் நகர்த்துங்கள். சுண்ணாம்பு ஒட்டிய இடம்தான் உரசும் இடம். அது பிளாஸ்டிக் பாகமாக இருந்தால் அதை மட்டும் சீவினால் போதும். உள்பக்கத்தில் இரண்டு தகரம் சேர்த்து ஒட்டு வைத்த இடத்தையும், சேஸிஸையும் தொடவே கூடாது. பின்னால் ஓடும் ஒயரையும் பிரேக் குழாயையும் பார்த்த பிறகே வெட்ட வேண்டும். பேட்டரி ஒயரைக் கழற்றிவிடுங்கள். வெட்டிய விளிம்பை உள்பக்கமாக மடித்து, அரம் போட்டு, துருத்தடுப்புப் பெயின்ட் இரண்டு பூச்சு அடித்து, ரப்பர் பட்டை மாட்டுங்கள். இல்லையென்றால் ஒரே மழைக்காலத்தில் அங்கிருந்து துரு ஏறும். டயர் மட்கார்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றால், தெறிக்கும் கல் பின்னால் வரும் இருசக்கர வண்டிக்காரரின் முகத்தில்தான் போய் அடிக்கும்.

கேள்வி: ‘‘எங்கள் டிராக்டருக்குப் போன வருடம் பின்பக்கம் பெரிய டயர் போட்டார்கள். சேற்று உழவில் மண் அடைத்துக்கொள்கிறது என்று என் வீட்டுக்காரர் ஒரு பக்கத்து மட்கார்டைக் கழற்றி வைத்துவிட்டார். மறுபக்கத்து மட்கார்டில் எங்கள் பத்து வயது மகன் ஏறி உட்கார்ந்துகொள்கிறான். எனக்குப் பயமாக இருக்கிறது. நான் சொன்னால் கேட்பதில்லை.’’

- வாசகி, திருவாரூர் மாவட்டம்

பதில்: உங்கள் பயம் நியாயமானது, அம்மா. அந்த மட்கார்டை இன்றைக்கே திரும்ப மாட்டச் சொல்லுங்கள். மண் தெறிக்காமல் இருப்பதற்கு மட்டும் அது இல்லை. ஓட்டுபவரின் துண்டும் வேட்டியும் காலும் சுற்றும் டயருக்குள் போகாமல் தடுப்பதும் அதுதான். அதே சமயம், மட்கார்டு உட்காரும் இடமும் இல்லை. வரப்பில் ஏறி இறங்கும்போது கை நழுவினால், பிள்ளை விழுவது பின்சக்கரத்துக்கு முன்னால். பிரேக்கை மிதிக்கக்கூட நேரம் இருக்காது.

மண் அடைப்பதற்கு வேறு வழி இருக்கிறது. 13.6-28 டயர் இருந்த இடத்தில் 14.9-28 போட்டால் அகலம் 1.3 அங்குலம் கூடும். மட்கார்டுக்கு உள்ளே இருந்த இடைவெளி அந்த அளவுக்குக் குறையும். பெரும்பாலான டிராக்டர்களில் பின்சக்கரத்தின் ரிம்மையோ தட்டையோ திருப்பி மாட்டி, இரண்டு சக்கரத்துக்கும் இடையே உள்ள அகலத்தைக் கூட்டலாம். கம்பெனி சர்வீஸ் ஆளிடம் கேட்டுச் செய்யுங்கள். அதற்கும் சரிவரவில்லை என்றால், பழைய அளவு டயரையே போட்டு, சேற்று உழவுக்குக் கேஜ் வீல் மாட்டிக்கொள்வது நல்லது. நாலு சக்கரமும் இழுக்கும் டிராக்டராக இருந்தால் பின்டயரின் அளவை மட்டும் மாற்றவே கூடாது. முன்சக்கரமும் பின்சக்கரமும் கணக்கில்லாமல் இழுத்து, முன் கியர்ப் பெட்டி கெட்டுவிடும்.

நீங்கள் சொல்லிக் கேட்காதவர் புத்தகத்தில் வந்தால் கேட்பார் என்று நினைக்கிறேன். இந்தப் பக்கத்தை அவரிடம் படித்துக் காட்டுங்கள். உழவு முடிகிற வரை பையனை வரப்பு மேலேயே நிற்கச் சொல்லுங்கள்.